இருபத்தேழு இடமும் இரண்டு நாளும்

இன்வெர்னஸ்,
ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதுவதை நீங்கள் எழுத்தாகவே மதிப்பதில்லை என்பதால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். அது வந்து சேரும்வரை அம்மாவுக்குப் பொறுக்காது என்பதால் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுவேன். அவன் வாசித்துக் காட்டும்போது தன்னைப் பற்றிய பகுதியை விழுங்கிவிடுவான். அதற்காகவாவது தபால்காரருக்குக் காத்திருங்கள்.

விஷயத்துக்கு வருமுன் ஒரு பழைய வழக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். நான் லண்டனில் இல்லை. வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பதினான்கு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பெரியத்தை பேத்தியின் சடங்குப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘லண்டன்’ என்று அச்சாகியிருக்கிறது. தம்பிக்குப் பெண் தேடும் தரகர் மூன்று வீட்டில் “அக்கா லண்டன்ல நர்ஸு” என்று சொல்லி, மூன்று வீட்டிலும் இரண்டாவது காபி வாங்கிக் குடித்திருக்கிறார். நான் இருக்கும் இன்வெர்னஸிலிருந்து லண்டன் ரயில் பாதையில் 900 கிலோமீட்டருக்கும் மேலே. கோவில்பட்டியில் ஏறி, சென்னையைத் தொட்டுவிட்டு, திரும்பித் திருச்சியில் வந்து இறங்கினால் எவ்வளவோ அவ்வளவு. போதாததற்கு இது ஸ்காட்லாந்து. இங்குள்ளவர்களிடம் “நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன்” என்று ஒருதரம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு யாரும் டீ குடிக்கவில்லை.

மக்கள்தொகையில் இந்த ஊர் நம் கோவில்பட்டியைவிடச் சிறியது. 2000-ல்தான் இதற்கு நகரம் என்ற அந்தஸ்தே கிடைத்தது. நடுவே நெஸ் என்று ஓர் ஆறு ஓடுகிறது. வருடம் முழுக்கத் தண்ணீர். கரிசல்காட்டில் பிறந்தவள் அதன் பக்கத்தில் நின்றால் ரசிக்கத் தோன்றாது, வயிறுதான் எரியும். நெஸ் ஏரியில் பூதம் இருக்கிறதா என்று தம்பி வாராவாரம் கேட்கிறான். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களையும் பார்க்கவில்லை.

இப்போது விஷயம். ஜூலை இரண்டாம் வாரம் லண்டனுக்குப் போகிறேன். முதல் தடவை. ஊரிலிருந்து வந்தபோது அங்கே விமானம் மாறியதோடு சரி. கண்ணாடி வழியாக மழை தெரிந்தது. அதில் லண்டன் என்று எழுதியிருக்கவில்லை.

எனக்கு வாரத்துக்கு மூன்று டியூட்டி, ஒவ்வொன்றும் பன்னிரண்டரை மணி நேரம். இரண்டு பேரிடம் டியூட்டியை மாற்றி, ஒருத்திக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்து, வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலைவரை வாங்கியிருக்கிறேன். வெள்ளி ராத்திரி இங்கே ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் யூஸ்டன் ஸ்டேஷன். ஞாயிறு ராத்திரி அங்கே ஏறினால் திங்கள் காலை இங்கே. நம் நெல்லை எக்ஸ்பிரஸ் கணக்குத்தான். ஒரே வித்தியாசம், நெல்லை எக்ஸ்பிரஸில் ரிசர்வ் செய்தவர்களுக்குப் படுக்கை உண்டு. இதில் படுக்க வேண்டுமானால் தனி அறை எடுக்க வேண்டும்; அந்த அறைக்குக் கேட்கும் காசில் நம் குடும்பம் மொத்தமும் காசிக்குப் போய், திவசம் கொடுத்துத் திரும்பிவிடலாம். நான் உட்கார்ந்துகொண்டு போகும் பெட்டியில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நைட் டியூட்டி பார்க்கிறவளுக்கு உட்கார்ந்து தூங்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இதைப் போன ஞாயிறு வீடியோ காலில் வாய்தவறிச் சொன்னேன். மறுநாள் காலை ரூல் போட்ட தாள் மூன்று படமாக வந்து விழுந்தன. கையெழுத்து உங்களுடையது, குரல் தெரு முழுவதுடையது. எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு இடம். அதில் ஒன்று ஈபிள் கோபுரம். அது பாரிஸில் இருக்கிறது சித்தப்பா. சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதி மானத்தை வாங்கப் போவதில்லை.

பட்டியலோடு தம்பி ஒரு டைம்டேபிளும் இணைத்திருந்தான். ஒன்பது மணிக்கு ஓரிடம், ஒன்பது இருபதுக்கு அடுத்தது, ஒன்பது நாற்பதுக்கு அதற்கடுத்தது. எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேட்டேன். சுரங்க ரயில் படத்தை விரித்து வைத்து, விரல்கடையால் அளந்தானாம். அந்தப் படத்தை வரைந்தவர் ஹாரி பெக் என்பவர். ரயில்வே சிக்னல் ஆபீஸில் படம் வரைகிற வேலை பார்த்தவர். ஒயரிங் படம் மாதிரி எல்லாப் பாதையையும் நேர்கோடும் சாய்கோடுமாக நிமிர்த்தி, ஸ்டேஷன்களை ஏறக்குறையச் சம இடைவெளியில் வைத்துவிட்டார். 1933-ல் அச்சடித்து மக்கள் கையில் கொடுத்தார்கள். எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதற்கு அதை மிஞ்ச ஆளில்லை. தூரத்துக்கு மட்டும் அதை நம்பக் கூடாது. அதில் விரல்கடை தூரத்தில் இருக்கும் லெஸ்டர் ஸ்கொயரும் கோவன்ட் கார்டனும் நிஜத்தில் 260 மீட்டர் தள்ளி இருக்கின்றன. நம் வீட்டு வாசலிலிருந்து முக்கு டீக்கடைக்குப் போகிற தூரம். அதற்கு ஒரு ரயில், அதைப் பிடிக்க ஒரு பாதாளம். கோவன்ட் கார்டனில் லிஃப்டுக்குப் பொறுக்காமல் படியேறினால் 193 படி, அதுவும் சுருள்படி. உச்சியில் பிள்ளையார் இல்லாத மலைக்கோட்டை. ஊரின் ஓரத்துக்குப் போனாலோ நிலைமை தலைகீழ். அங்கே அதே விரல்கடைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஒளிந்திருக்கும். சனி ஞாயிறில் பராமரிப்பு என்று சொல்லி ஏதாவதொரு லைனை மூடிவிடுவதும் உண்டு. ஆகவே தம்பியின் டைம்டேபிள் தள்ளுபடி.

செலவைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். டிக்கெட் கவுன்டரே தேவையில்லை, பேங்க் கார்டைக் கதவில் காட்டினால் திறக்கும். ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒரு வரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். பஸ்ஸில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதே இல்லை, ஆகவே சில்லறைச் சண்டை என்ற கலையே அங்கே அழிந்துவிட்டது. ஒரு தடவை கார்டு காட்டி ஏறினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறி ஏறலாம், கூடுதல் காசு கிடையாது. இரவு தங்க, என்னோடு நர்ஸிங் படித்தவள் ஈஸ்ட்ஹாமில் சோபா தருகிறாள். அந்தத் தெருவில் தமிழிலேயே பேசி வீட்டுச் சாமான் வாங்கலாமாம். முருங்கைக்காய் கிடைக்கும் என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பும்போது பையில் இடம் வேண்டும் என்பதற்காகவே மாற்றுத்துணி ஒன்றே ஒன்று எடுத்துப் போகிறேன்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். வெட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்; திட்டுவதானால் இப்போதே திட்டிக்கொள்ளுங்கள்.

சித்தி கேட்ட கோஹினூர். அது டவர் ஆஃப் லண்டன் கோட்டைக்குள் ஒரு ராணியின் கிரீடத்தில் இருக்கிறது. 1849-ல் பஞ்சாபின் சிறுவயது மகாராஜாவிடம் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டது. அதைப் பார்க்க முப்பது பவுண்டுக்கு மேல் டிக்கெட். நம்மிடமிருந்து எடுத்ததை நமக்கே காசு வாங்கிக் காட்டுகிறார்களே என்ற கோபம்கூட அப்புறம்தான். காசு கொடுத்து உள்ளே போனாலும் நின்று பார்க்க முடியாது. கிரீடங்களுக்கு முன்னால் நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள், நம்மை ஏற்றிக்கொண்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். திருப்பதியில் ‘ஜருகண்டி’ சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த வேலைக்கு மோட்டார். சித்திக்கு ஈடாக அரண்மனைக் காவல் மாற்றம் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, தெருவில் நின்று பார்க்கலாம், ஓசி. கரடித்தோல் தொப்பி போட்டவர்களை அந்த வெயிலில் பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டு வருவேன்.

தம்பி கேட்டது வெம்ப்லி. அவன் காரணம் நியாயமானது. 1948 ஒலிம்பிக்கில், சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத நேரத்தில், அங்கேதான் நாம் பிரிட்டனை ஹாக்கியில் நாலுக்குச் சைபர் என்று ஜெயித்தோம். கோவில்பட்டிக்காரன் ஹாக்கி மட்டையை மறந்தால் சோறு இறங்காது, தெரியும். ஆனால் அந்த மைதானத்தை இடித்துவிட்டார்கள் தம்பி. இப்போது அங்கே இருப்பது 2007-ல் திறந்த புதுக் கட்டடம், அதில் கால்பந்து ஆடுகிறார்கள். ஊரின் வடமேற்கு மூலைக்குப் போய், நாம் ஜெயிக்காத மைதானத்தைப் படம் எடுத்து வர என்னால் ஆகாது. (சித்தப்பா, இந்தப் பத்தியை அவன் வாசித்தானா?)

பெரியத்தை கேட்ட பிக் பென் இருக்கிறது, வெட்டவில்லை. ஆனால் பிக் பென் என்பது கடிகாரம் இல்லை, கோபுரமும் இல்லை. உள்ளே தொங்கும் 13.7 டன் மணிக்குத்தான் அந்தப் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். ஆகவே அத்தை கேட்டதைப் பார்க்க முடியாது. ஞாயிறு நடுப்பகலில் கீழே நின்று பன்னிரண்டு அடியையும் போனில் பதிந்து அனுப்புகிறேன்.

தமிழ் ஐயா கேட்டதுதான் எல்லாவற்றிலும் சுலபம். யூஸ்டனிலிருந்து நடக்கிற தூரத்தில் ரஸல் ஸ்கொயர். அங்கே கீழைநாட்டு மொழிகள் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி வளாகத்தில் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். 1996-ல் வைத்த சிலை. ரயிலை விட்டு இறங்கி, பல் தேய்த்த கையோடு அவருக்கு ஒரு கும்பிடு. பக்கத்திலேயே பிரிட்டிஷ் மியூசியம். உள்ளே போகக் காசு கிடையாது. ஆனால் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு போனால் விட மாட்டார்கள், அதனால் தோள்பை. அங்கே இருப்பதில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கவும் ஒரு ஆயுசு வேண்டும். நான் அமராவதிச் சிற்பங்களை மட்டும் பார்ப்பதாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் எழும்பூர் மியூசியத்தில் ஒரு பங்கைக் காட்டினார்களே, அதன் இன்னொரு பங்கு இங்கே இருக்கிறது. பங்காளிகள் பிரித்துக்கொண்ட சொத்து மாதிரி. ஒரு பங்காளியைக் கேட்காமலே பிரித்தது.

அடுத்தது அம்மாவும் நீங்களும். அம்மாவுக்கு ஹைகேட் முருகன், உங்களுக்குக் கார்ல் மார்க்ஸ் கல்லறை. பட்டியலில் அம்மா முருகனை முதலில் எழுதச் சொன்னதும், நீங்கள் அதை ஒன்பதாவதாக இறக்கிவிட்டு மார்க்ஸை முதலில் ஏற்றியதும், அடித்தல் திருத்தலில் அப்படியே தெரிகிறது. நாற்பது வருடமாக வீட்டில் நடக்கும் சண்டையை லண்டன்காரர்கள் தீர்த்துவைத்திருக்கிறார்கள். நார்தர்ன் லைனில் வடக்கே போனால் ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி மார்க்ஸுக்கு நடக்கலாம். அதற்கு அடுத்த ஸ்டேஷன் ஹைகேட், அங்கே முருகன். 2002-ல் ராணி எலிசபெத்தே வந்து போன கோவில். நீங்களும் அம்மாவும் ஒரே ரயிலில் ஏறினால் ஆளுக்கொரு ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம், வாக்குவாதம் இல்லை.

ஒரு சங்கடமான செய்தியும் உண்டு. மார்க்ஸ் இருக்கும் இடுகாட்டுக்குள் போக டிக்கெட். முருகனுக்கு இல்லை. இதை வைத்து அம்மா என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பராமரிப்புச் செலவுக்கு வாங்குகிறார்கள் என்று உங்கள் சார்பில் நானே வாதாடிவிட்டேன். சனிக்கிழமை மதியம் மார்க்ஸ், சாயங்காலம் முருகன். இரண்டு பேருக்கும் செருப்பு விஷயத்தில் மட்டும்தான் வித்தியாசம் காட்டப் போகிறேன்.

பட்டியலில் இல்லாத ஓர் இடத்தை நானாகச் சேர்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

நான் கிளம்பிய அன்று அம்மா விளக்கோடு ஒரு பண்டல் தீப்பெட்டியைப் பெட்டியின் அடியில் திணித்ததும், ஏர்போர்ட்டில் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னை அரை மணி நேரம் விசாரித்ததும் உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் வார்டில் ஒரு பாட்டிக்கு அந்தக் கதையைச் சொன்னேன். யார் என்ன என்று எழுதக் கூடாது, வேலை போய்விடும். கிழக்கு லண்டனில் பிறந்து, புருஷனோடு இங்கே வந்துவிட்டவர். உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார். கடலைமிட்டாய் என்றால் விளக்க நேரமாகும் என்று தீப்பெட்டி என்றேன். ஊரே தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போகும், எங்கள் அம்மாவும் போனவர்தான் என்றேன். பாட்டி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். “அப்படியானால் நீ எங்கள் ஊர்ப் பெண்” என்றார்.

அவர் ஊரின் பெயர் போ. நிஜமாகவே அதுதான் பெயர். அப்புறம் நானே தேடிப் படித்தேன். போ என்ற அந்தப் பகுதியில் பிரையன்ட் அண்ட் மே என்று பெரிய தீப்பெட்டி ஆலை இருந்திருக்கிறது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகள். பேசினால் அபராதம், குச்சி சிந்தினால் அபராதம், கேட்காமல் கக்கூஸுக்குப் போனால் அபராதம். குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் புகை பல் வழியாக இறங்கித் தாடை எலும்பை அழுக வைத்துவிடும். அந்த நோயின் பெயர் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி. பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிப் போன வரி. நம்மூர்த் தீப்பெட்டியில் அந்த மருந்து இல்லை, பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ், வேறு சாதி. அம்மாவுக்கு வெறும் முதுகுவலிதான் மிச்சம்.

1888 ஜூனில் ஒரு அம்மாள் அந்த ஆலையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். ஜூலையில் ஏறக்குறைய 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நிர்வாகம் இறங்கி வந்து அபராதத்தை எடுத்தது. அவர்களுக்கென்று சங்கமும் உண்டாயிற்று. வெள்ளைப் பாஸ்பரஸைச் சட்டத்தால் ஒழிக்க 1910 வரை ஆனது, அது வேறு கதை. எழுதிய அந்த அம்மாள் யார் தெரியுமா சித்தப்பா? அன்னி பெசன்ட். நம் அடையாறில் வந்து இருந்து அங்கேயே காலமானாரே, அவர்தான். பெசன்ட் நகருக்கு எத்தனை தடவை போயிருக்கிறோம், சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

மார்க்ஸ் இறந்தது 1883. ஐந்து வருடம் கழித்து நடந்த இதை அவர் பார்க்கவில்லை. அந்தப் பெண்களும் அவரைப் படித்துவிட்டு வெளியே வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூலியில் பிடித்தார்கள், வயிறு காய்ந்தது, வந்துவிட்டார்கள். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது; மார்க்ஸுக்கு ஒரு மணி நேரம், இவர்களுக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கிறேன்.

ஆலை இப்போது ஆலையாக இல்லை. ஃபேர்ஃபீல்டு ரோட்டில் அதே செங்கல் கட்டடம் நிற்கிறது, உள்ளே எல்லாம் அடுக்குமாடி வீடுகள். வாசலில் வெளியாளை விட மாட்டார்கள் போலிருக்கிறது. வேலைநிறுத்தத்தின் நினைவாக 2022-ல் நீல வட்டப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் போதும். ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் போ ரோடு ஸ்டேஷன் வழியில்தான் வருகிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கே இறங்கிவிட்டு, அதே லைனில் அரண்மனைப் பக்கம் போய்விடுவேன். இந்த ஒன்றுக்காக வெட்டியது மெழுகுச் சிலை மியூசியம், ராட்சச ராட்டினம், தம்பியின் கடைகள் ஆறு. வருத்தமில்லை.

ஒரே ஒரு உதவி. அம்மாவிடம் நான் கேட்டால் “அதெல்லாம் எதுக்கு இப்போ” என்று போனைத் தம்பி கையில் கொடுத்துவிடும். நீங்கள் உங்கள் மதினியிடம் பக்குவமாகக் கேட்டுச் சொல்லுங்கள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் ஒரு கட்டைக் குச்சி அடுக்கினால் என்ன கூலி? குச்சி கீழே சிந்தினால் எவ்வளவு பிடித்தார்கள்? அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பாட்டியும் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 5-க்குள் பதில் வர வேண்டும். தபாலில் வேண்டாம் சித்தப்பா, வந்து சேராது. இந்த ஒரு தடவை வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்.